இயற்கை எழுத்துப் பட்டறைக்குத் தனியாகப் போவதற்கு முன்

இயற்கை, சுயதேடல், படைப்பெழுத்து என்று மூன்றையும் சேர்த்து நடத்தும் தங்கும் பட்டறைகளின் விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. அப்படி ஒன்றுக்கு நான் தனியாகப் போனேன். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் பணம் போனது. திரும்பி வந்த பிறகு பல வாரங்கள் ஒழுங்கான தூக்கம் இல்லை. பட்டறைகளே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பின்னால் வேறொரு பட்டறைக்குப் போனேன், அது எனக்கு நிறையக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைப் போவதற்கு முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ வலி இல்லாமல் போயிருக்கும் என்ற நினைப்பு மட்டும் போகவே இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அக்கா இறந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம் அது. அதுவரை தினமும் ஏதாவது எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. மரங்களுக்கு நடுவே அமர்ந்து உங்களுக்குள் இருக்கும் குரலைக் கண்டெடுங்கள் என்று ஒரு விளம்பரம் வந்தது. காட்டோரத் தங்குமிடம், சின்னக் குழு, எழுத மட்டுமே நேரம். மனசு தவித்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஓர் அழைப்பைப் பார்த்தால் யாருக்கும் போகத்தான் தோன்றும். என்னைப் போல இழப்போடு இருப்பவர்கள், மணமுறிவில் இருப்பவர்கள், வேலையில் நொந்துபோனவர்கள்தான் இந்த விளம்பரங்களுக்கு அதிகம் பதில் எழுதுகிறார்கள் என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன். நடத்துபவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும், பதிவுப் படிவத்தில் சமீபத்தில் உங்களுக்குப் பெரிய இழப்பு ஏதாவது ஏற்பட்டதா என்று ஒரு கேள்விகூட இல்லை. உணவில் என்ன ஆகாது என்று கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். உள்மனதைத் திறந்து எழுதச் சொல்லப் போகிறவர்கள், வருகிறவரின் மனநிலையை முன்கூட்டி விசாரிக்க வேண்டும். அதைக் கேட்காத பட்டறையிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். "எனக்கு இப்படி ஒன்று நடந்திருக்கிறது, அதைப் பற்றி எழுதும் நிலையில் இப்போது நான் இல்லை, பரவாயில்லையா?" என்று எழுதிக் கேளுங்கள். வரும் பதிலின் தொனியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

போய் இறங்கியதும் கைபேசிகளை ஒரு பெட்டியில் போடச் சொன்னார்கள். கவனம் சிதறக் கூடாதாம். கூடவே இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, "இது வழக்கமான படிவம்தான், கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே வாங்க" என்று அவசரப்படுத்தினார்கள். எல்லோரும் போட்டோம். பின்னால் பெரிய தலைவலியாக ஆனது அந்தப் படிவம்தான், அதற்கு வருகிறேன். கைபேசி விஷயத்தை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவனம் சிதறாமல் இருக்க அதை அணைத்து வைப்பது நல்லதுதான். ஆனால் தெரியாத இடத்தில், தெரியாத மனிதர்களோடு, தனியாகப் போயிருக்கும் ஒருவர், நடு இரவில் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் பேச முடிய வேண்டும். அணைத்து என் பையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாத இடம், தங்குவதற்கு ஏற்ற இடம் இல்லை.

அன்று மாலையே முதல் பயிற்சி. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியில் உட்கார்ந்து, உங்கள் வாழ்க்கையின் ஆழமான காயத்தை அந்த மரத்துக்குக் கடிதமாக எழுதுங்கள் என்றார் நடத்துபவர். ஒருவருக்கொருவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாத நேரம். நான் அக்காவைப் பற்றி எழுதினேன். வேறு எதையும் எழுத முடியாத நிலையில்தான் இருந்தேன். எழுதி முடித்ததும் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு வேண்டாம் என்றேன். "வாசிக்கலேன்னா காயம் உள்ளேயே தங்கிடும், இந்த வட்டத்தை நம்புங்க" என்று பதில் வந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தேன். பாதியில் குரல் போய்விட்டது. முடித்ததும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நல்லா இருக்கு, ஆனா இன்னும் நீங்க உடையலை. மேலோட்டமா எழுதியிருக்கீங்க. நாளைக்கு இன்னும் ஆழமாப் போங்க."

அந்த வார்த்தை எனக்குள் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. அக்காவுக்காக நான் சரியாகத் துக்கப்படக்கூட இல்லையோ என்று தோன்றியது. ஒருவருடைய எழுத்தை மேலோட்டம் என்று சொல்லலாம், அது எழுத்தைப் பற்றிய கருத்து. ஒருவருடைய துயரத்தை மேலோட்டம் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது. இந்தப் பட்டறைகளில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

வலியை எழுதினால் மனம் ஆறும் என்று அங்கே அடிக்கடி சொன்னார்கள். ஆராய்ச்சியே நிரூபித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். ஊருக்கு வந்த பிறகு அந்த ஆராய்ச்சி என்னவென்று தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்டது அது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார்கள். தங்களைப் பாதித்த நிகழ்வையும் அது தந்த உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. இது உண்மைதான். ஆனால் அதே ஆய்வில், எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகவே இருந்தது என்பதும் இருக்கிறது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. பென்னபேக்கரே பின்னாளில் ஒரு விதியை வலியுறுத்திவந்தார்: ஒரு விஷயத்தை எழுதினால் தாங்க முடியாமல் போய்விடும் என்று தோன்றினால் அதை எழுதாதீர்கள், வேறு எதையாவது எழுதுங்கள். 15 நிமிடத்தில் நிறுத்தவும் வேண்டாமென்றால் விடவும் இடம் கொடுத்த ஒரு முறையை, மணிக்கணக்கில் எழுதி, அந்நியர் முன் வாசித்து, கருத்தும் கேட்கும் ஒன்றாக மாற்றிவிட்டு, அதற்கு ஆராய்ச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமே இல்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தது கேட்டது. நடத்துபவர்கள் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். ராத்திரி யாருக்காவது முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து நானும் எழுந்து வெளியே வந்தேன். வயதில் மூத்த பங்கேற்பாளர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தூக்கம் வரலியாம்மா? வா, சும்மா இப்படி உக்காரு" என்றார். எழுத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளின் சேட்டைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரவை நான் கடந்தது அவரால்தான்.

மறுநாள் காலை நடை. இதற்காகத்தான் வந்தோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனேன். அடர்ந்த மரங்கள், ஈர மண், எங்கிருந்தோ ஒரு பறவையின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. அது என்ன பறவை என்று கேட்டேன். "பெயரெல்லாம் முக்கியமில்லை, அதைக் கேட்டதும் உங்களுக்குள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க" என்றார். இலையைக் காட்டினாலும் உங்களுக்குள் என்ன உதிர்கிறது, கல்லைக் காட்டினாலும் உங்களுக்குள் என்ன கனக்கிறது. மொத்தக் காடும் எங்களுடைய சோகத்துக்குத் திரைச்சீலையாக நின்றதே தவிர, ஒரு நிமிடம்கூட அதை அதற்காகப் பார்க்கவிடவில்லை. இயற்கை எழுத்து என்று பெயர் வைத்துவிட்டு ஒரு மரத்தின் பட்டையைக்கூட உற்றுப் பார்க்கவைக்காத பட்டறை இயற்கைக்கும் துரோகம் செய்கிறது, எழுத்துக்கும் துரோகம் செய்கிறது. இதை நான் அடித்துச் சொல்வேன். விளம்பரத்தைப் பார்க்கும்போது அந்தத் தங்குமிடத்தின் படங்களை விட்டுவிட்டு, பயிற்சிகள் என்னென்ன என்று கேளுங்கள். நடத்துபவர் இயற்கையைப் பற்றி எழுதிய பத்துப் பக்கமாவது படித்துப் பாருங்கள். அதில் ஒரு செடியின் பெயரோ பூச்சியின் நடையோ இல்லாமல் வெறும் மனமும் மௌனமும் மட்டுமே இருந்தால் யோசியுங்கள்.

அன்று மாலை, எல்லோரும் அழுது ஓய்ந்திருந்த நேரமாகப் பார்த்து, அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆறு மாத வழிகாட்டுதல், தனிப்பட்ட கவனம், முடிவில் ஒரு தொகுப்பு நூல். இன்றிரவுக்குள் முன்பணம் கட்டுபவர்களுக்குப் பாதிக் கட்டணம். நான் கட்டினேன். உள்ளே எல்லாவற்றையும் திறந்து கொட்டியாகிவிட்டது, இவர்களை விட்டால் இதை மூட யாரும் இல்லை என்ற பயம் அப்போது நிஜமாகவே இருந்தது. பட்டறை நடக்கும்போது எதற்கும் பணம் கட்டாதீர்கள். நல்ல வகுப்பு ஒரு வாரம் கழித்தும் இருக்கும். இன்றிரவு வரை மட்டுமே என்று சொல்லும் சலுகை, நீங்கள் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தால் கட்ட மாட்டீர்கள் என்று தெரிந்து வைக்கப்படும் கெடு.

கடைசி நாள் வரை என்னால் இருக்க முடியவில்லை. கைபேசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு முன்னதாகவே கிளம்பினேன். மீதி நாட்களுக்கான பணம் கிடைக்காது என்றார்கள். அதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. வேலையில் கவனம் இல்லை, படுத்தால் மருத்துவமனை நினைவுகள், சாப்பாடு பிடிக்கவில்லை. விடுப்பு எல்லாம் தீர்ந்து சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, எழுதப் போனவளுக்கு என்ன வந்தது என்று கேட்பார்களே என்ற தயக்கம். கடைசியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது, இப்போதைக்கு அதைப் பற்றி எழுத வேண்டாம், தூக்கத்தைச் சரிசெய்வோம் என்பதுதான். என்ன ஒரு நிம்மதி! எழுதாமல் இருப்பதற்கு ஒருவர் அனுமதி கொடுத்ததே போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்ட பட்டறையிலிருந்து வந்து சில வாரங்களுக்கு மேலும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் யாரையாவது போய்ப் பாருங்கள்.

ஓரளவு தேறிவந்த நேரத்தில், கூட வந்திருந்த ஒருவர் ஒரு படம் அனுப்பினார். அந்தப் பட்டறையின் அடுத்த விளம்பரம். அதில் என் கடிதத்தின் நான்கு வரிகள், கீழே என் பெயர். அக்காவின் கடைசி நாளைப் பற்றிய வரிகள் அவை. கை நடுங்கியது. விசாரித்தால், நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருக்கிறதே என்றார்கள். பட்டறையில் எழுதப்படுபவற்றை நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததாம். படிவத்தின் நகலை எங்களில் யாருக்கும் தரவில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நீங்கள் எழுதிய ஒன்றின் பதிப்புரிமை, எழுதிய கணத்திலேயே உங்களுடையது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிப்புரிமைக்காக நாடுகளுக்கிடையே 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் இன்றைய அடிப்படை அதுதான், உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரு பட்டறையில் உட்கார்ந்து எழுதியதாலேயே அது அவர்களுடையதாகிவிடாது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போகும். அதனால் படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து, புகைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பற்றிய வரி இருந்தால் அதை அடித்துவிட்டு ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போடுங்கள். முழுப் படிவத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் விடாமல் மின்னஞ்சல் எழுதினேன். இறந்துபோன ஒருவரின் அந்தரங்கம், குடும்பத்தின் ஒப்புதல் இல்லை, உடனே நீக்குங்கள் என்று ஒவ்வொரு முறையும் அதையே எழுதினேன். கடைசியில் நீக்கினார்கள். அதுவரை எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று தெரியாது.

அப்புறம் வெகுநாள் கழித்து, நண்பர் ஒருவரின் வற்புறுத்தலில் இன்னொரு பட்டறைக்குப் போனேன். தங்கலெல்லாம் இல்லை, காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். கட்டணம் முன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே முதல் பயிற்சியே, ஒரு இலையைப் பறிக்காமல் இருபது நிமிடம் பாருங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள், "நான்" என்ற வார்த்தை வரக் கூடாது என்பது. என் இலையில் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து வளைந்து போனது. தொடக்கத்தில் நூல் போல மெல்லியது, போகப் போக அகலமாகி, ஒரு முனையில் சட்டென்று நின்றது. கோட்டின் நடுவே கறுப்பாகப் புள்ளிப் புள்ளியாக ஏதோ இருந்தது. ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, இலைத்துளைப்பான் புழு என்றார். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே இருந்து தின்றுகொண்டே போகும், அது வளர வளரக் கோடும் அகலமாகும், கறுப்பாக இருப்பது அதன் எச்சம். ஒரு உயிர் வளர்ந்த கதை முழுவதும் அந்த இலையிலேயே எழுதப்பட்டிருந்தது. அன்று நான் அரைப் பக்கம் எழுதினேன். அக்கா போன பிறகு அழாமல் எழுதிய முதல் அரைப் பக்கம்.

அந்த ஆசிரியர் ஒரு வரிசையை வைத்திருந்தார். முதலில் இடமும் பொழுதும். அடுத்து அங்கே இருக்கும் மரம், பறவை, விலங்கு, மனிதர் செய்யும் தொழில். கடைசியில்தான் உணர்ச்சி. கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் சொன்ன வரிசை இது. நிலத்தையும் பொழுதையும் சரியாக வைத்துவிட்டால் பிரிவையும் காத்திருப்பையும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை என்பது நம் கவிதைக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டில் தனியாக எழுதுபவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். முதல் பத்து நிமிடம் இடமும் நேரமும் மட்டும். அடுத்த பத்து நிமிடம் அங்கே அசையும் உயிர்கள். உணர்ச்சி வந்தால் கடைசி ஐந்து நிமிடம், வராவிட்டால் விட்டுவிடலாம்.

அவசரமே வேண்டாம் என்பதற்கு அவர் ஓர் உதாரணம் சொன்னார். 1802 ஏப்ரல் 15 அன்று டோரதி வேர்ட்ஸ்வொர்த், ஆங்கிலக் கவிஞரான தன் அண்ணன் வில்லியமோடு இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்துபோனபோது டாஃபடில் பூக்களைப் பார்த்து, காற்றில் அவை ஆடியதையும், சில பூக்கள் களைத்தவர் தலையணையில் சாய்வது போலக் கற்களின்மேல் சாய்ந்திருந்ததையும் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அண்ணன் அந்தப் பூக்களைக் கவிதையாக எழுதியது சுமார் இரண்டு ஆண்டு கழித்து, அச்சில் வந்தது 1807-இல். பார்த்த அன்றே யாரும் அவரை வட்டத்தில் உட்காரவைத்து ஆழமாகப் போங்கள் என்று சொல்லவில்லை. என்னுடைய குறிப்பேட்டிலும் இப்போது வெறும் குறிப்புகள்தான் அதிகம்.

வாசிப்பதற்கும் அங்கே விதிகள் இருந்தன. விருப்பமில்லை என்றால் "அடுத்தவர்" என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். வாசிக்கப்படும் எதையும் கற்பனை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், "உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கக் கூடாது, கதையில் வரும் அக்கா என்றுதான் பேச வேண்டும். அன்றைக்கு எழுதியதில் எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்லலாம், குறை சொல்லக் கூடாது. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்டில் பாட் ஷ்னைடர் என்ற கவிஞர் வளர்த்தெடுத்த முறை இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் பட்டறையில் இந்த நான்கு விதிகளில் ஒன்றாவது இருந்திருந்தால் எனக்கு அந்த மாலை அப்படி ஆகியிருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் இப்போது நான் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன். வாசிப்பது கட்டாயமா? எழுதியது யாருக்குச் சொந்தம்? இரவில் யாருக்காவது முடியவில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? பாதியில் கிளம்பினால் பணம் எவ்வளவு திரும்ப வரும்? நேரடியாகக் கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் நன்றாக நடத்துபவர்கள் இதற்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுகிறார்கள். தங்கும் பட்டறை என்றால் திரும்பி வந்த மறுநாளும் விடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். நேராக வேலைக்குப் போக வேண்டாம்.

அந்த ஆறு மாத வழிகாட்டுதலுக்குக் கட்டிய முன்பணம் இன்னும் திரும்ப வரவில்லை. ஒரு வகுப்பும் நடக்கவில்லை. நான் பணமாகக் கட்டியதால் ரசீதைத் தவிர வேறு பிடி இல்லை. நீங்கள் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று உங்கள் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. அதற்குக் கால வரம்பு உண்டு, அதனால் மனசு சரியாகட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த ஒரு காரியத்தை மட்டும் உடனே செய்துவிடுங்கள். எழுத முடியவில்லை என்றால் நம்பிக்கையான ஒருவரை உட்காரவைத்து அந்தக் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.